சாரல் வீட்டுக்கு ஏற்ற விறகடுப்பு

இலஞ்சிக்கு அருகே, தென்னந்தோப்புக்குள், எங்கள் குடும்பத்துக்கு ஒரு சிறிய ஓட்டு வீடு இருக்கிறது. ஆனியில் சாரல் விழத் தொடங்கியதும், குற்றாலத்துக்குக் குளிக்க வருகிற உறவினர்களும் அவர்களுடைய நண்பர்களுமாக வாரம் ஒரு கூட்டம் வந்து தங்கும். ஆவணி கழிந்தபின் வீடு பெரும்பாலும் பூட்டியே கிடக்கும். கேஸ் அடுப்பு இருந்தாலும், பதினைந்து பேருக்குச் சோறு வடிக்கவும், அருவிக்குப் போக இயலாத பெரியவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் வெந்நீர் போடவும் சிலிண்டர் தாக்குப்பிடிப்பதில்லை. தோப்பிலோ மட்டையும் சிரட்டையும் குவிந்து கிடக்கின்றன. எனவே விறகடுப்பு ஒன்று வாங்கத் தீர்மானித்தேன்.

முதலில் நான் பார்த்தது விறகுச் செலவை மட்டுமே. மூன்று கல் கூட்டி எரிக்கும்போது விறகின் வெப்பத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் பாத்திரத்தில் ஏறுகிறது. எடுத்துச் செல்லக்கூடிய விறகடுப்புகளுக்கான இந்தியத் தரநிர்ணயமான ஐஎஸ் 13152, விசிறி இல்லாதவற்றுக்குக் குறைந்தது 25 சதவீதமும் விசிறி வைத்தவற்றுக்கு 35 சதவீதமும் பாத்திரத்தில் ஏற வேண்டும் என்கிறது. ராக்கெட் அடுப்பு என்று சொல்லப்படும் வகையில் ஒன்றை வாங்கினேன். பக்கவாட்டில் சுள்ளியைச் செருகினால், வெப்பம் வெளியேறாதபடி காப்பிட்ட நெட்டுக் குழாய்க்குள் தீ மேலே இழுக்கப்பட்டு, புகையும் பெரும்பாலும் எரிந்துவிடுகிறது. அடுப்பில் எந்தக் குறையும் இல்லை.

ஆடி மாதத்து ஓர் இரவில், காற்றோடு மழை அடித்ததால், தங்கியிருந்தவர்கள் பின்வாசலில் இருந்த அந்த அடுப்பை அடுக்களைக்குள் தூக்கிச் சென்று, சாரல் தெறிக்காமலிருக்க ஜன்னல்களையும் சாத்திவிட்டுச் சுக்குக் காபி போட்டிருக்கிறார்கள். தீ அணைந்த பிறகு, கங்கு கணகணவென்று இருந்த சூடு இதமாக இருக்கவே, அதைச் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். சற்று நேரத்தில் இருவருக்குத் தலைவலி; வயதான அம்மா ஒருவர் வாந்தி எடுத்தார். தோப்பைப் பார்த்துக்கொள்ளும் அண்ணாச்சி தற்செயலாக வந்து கதவு ஜன்னல்களைத் திறந்து, எல்லோரையும் திண்ணைக்கு அழைத்து வந்ததால் தப்பித்தார்கள். புகை இல்லாத கங்கிலிருந்துதான் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு மிகுதியாக வெளிவரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இதை அவர்களிடம் சொல்லி வைக்காதது என் தவறு. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

விருந்தினர் வந்து போகிற வீட்டில், வாழ்நாளில் விறகே பற்றவைத்திராத ஒருவர் கைக்கு அடுப்பு எப்படி அமையும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று அதன் பிறகுதான் எனக்குப் பட்டது. தூக்க முடியாததாக, வீட்டுக்கு வெளியே, புகைபோக்கியோடு இருக்க வேண்டும். காருகுறிச்சியில் செய்கிற மண் அடுப்புகள் எனக்கு மிகவும் பிடிக்கும், பொங்கலுக்கு அடுப்புக் கட்டியும் பானையும் அங்கிருந்துதான் வாங்குகிறோம். ஆனால் அடிக்கடி மெழுகிப் பேண ஆளில்லாமல் பல மாதம் பூட்டிக் கிடக்கும் வீட்டில் ஈரம் ஏறி மண் அடுப்பு வெடித்துவிடுகிறது. வார்ப்பிரும்பில் செய்த, கதவு வைத்த அடுப்புகள் அறையைச் சூடாக்க வேண்டிய குளிர் ஊர்களுக்கு உரியவை. இங்கே அதற்குத் தேவையில்லை.

கடைசியில், பின்புறம் ஒரு கொட்டகை போட்டு, கொத்தனாரை வைத்துச் செங்கல்லில் கொடியடுப்பு கட்டினோம். முன்குழியின் தீ பின்குழிக்கும் போய்க் குழம்பைச் சூடாக வைத்துவிட்டுப் புகைபோக்கியில் ஏறுகிறது. 1980களில் அரசுத் திட்டத்தில் கட்டிக்கொடுத்த புகையில்லா அடுப்பு ஒன்று எங்கள் ஆச்சி வீட்டில் இருந்தது. குழாயில் கரி அடைத்து, புகை அடுக்களைக்கே திரும்பியதால் ஆச்சி அதை இடித்துவிட்டார். அதை நினைத்து, குழாயின் அடியில் கரி வாருவதற்கு ஒரு சிறு கதவு வைக்கச் சொன்னேன். குழாய் கூரை முகட்டுக்கு மேல் இரண்டடி உயர்ந்து நிற்கிறது. மரச்சட்டங்களில் எங்கும் படாதபடி இடைவெளி விட்டிருக்கிறோம்.

அடுப்பைவிட விறகுதான் கூடுதல் கவனம் கேட்கிறது. பச்சை மரத்தின் எடையில் பாதி வரைகூடத் தண்ணீராக இருக்கும். அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைப்பதற்கே தீயின் வெப்பத்தில் ஒரு பகுதி செலவாகி, புகை குளிர்ந்து குழாயில் தாராகப் படிகிறது. சாரல் காலத்தில் எதுவும் காயாது. ஆகவே சீமைக்கருவேல விறகை மாசியிலேயே பிளந்து, பங்குனி, சித்திரை வெயிலில் காயப்போட்டு, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கல் வைத்து அடுக்கிவிடுகிறோம். இரண்டு கட்டைகளைத் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும்; மொத்தென்று கேட்டால் ஈரம் போகவில்லை. அடுக்கில் தேள் இருக்கும் என்பதால் விருந்தினர் அதில் கைவிட அனுமதிப்பதில்லை. அன்றைக்கு வேண்டியதை அண்ணாச்சி ஒரு கூடையில் எடுத்து வைப்பார். பற்றவைக்கத் தென்னம்பாளை மடலான கொதும்பும், மட்டையடியில் வலைபோல் இருக்கும் சில்லாட்டையும் போதும், சிரட்டை இரண்டு போட்டால் தீ நின்று எரியும். மண்ணெண்ணெய்ப் புட்டியை அந்த வீட்டிலிருந்தே அகற்றிவிட்டேன்.

வெந்நீருக்கு, நடுக்குழாயில் தீயும் சுற்றிலும் தண்ணீருமாக இருக்கும் பழைய தாமிர பாய்லரையே வைத்துக்கொண்டோம். அதில் மேலே ஒரு செம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால்தான் மூக்கு வழியே ஒரு செம்பு வெந்நீர் வரும். எனவே யார் பயன்படுத்தினாலும் பாய்லர் வற்றுவதில்லை, ஈயப் பற்று உருகிப் போவதுமில்லை. விவரம் தெரியாத கைகளுக்காகவே யோசித்துச் செய்ததுபோன்ற பொருள் அது.

வைகாசிக் கடைசியில் நானும் அண்ணாச்சியும் போய்க் கரியை வாரினோம். குழாயின் வாயில் மைனா கூடு கட்டியிருந்தது. நல்லவேளையாகக் குஞ்சுகள் பறந்துவிட்டிருந்தன. கூட்டை எடுத்துவிட்டு, மூடிக்குக் கீழே கம்பிவலை கட்டினோம். பிறகு ஒரு துண்டுத் தாளைக் கொளுத்தி அடிக்கதவருகே பிடித்தேன். தழல் குழாயை நோக்கிச் சட்டென்று சாய்ந்தது.