கிக்கோம்பே, கிபோக்கோ, கித்தாபு: தார் எஸ் சலாம் நாட்குறிப்பு

ஜூன் 23, 2025, திங்கள்

காரியாகோ சந்தைக்குப் பக்கத்தில் குடியிருப்பதால் காதில் சுவாஹிலி விழாத நேரமே கிடையாது. இந்த மொழியைக் கற்க, பெயர்ச்சொல் வகுப்புகளை (பெயர்ச்சொற்களை முன்னொட்டின்படி பிரிக்கும் பிரிவுகளை) அட்டவணையாக மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டேன். இனி கேட்கிற வாக்கியம் ஒன்றை எடுத்து, உறுப்பு உறுப்பாகப் பிரித்து இங்கே எழுதப்போகிறேன்.

முதல் வாக்கியம் பக்கத்து வீட்டு அடுக்களையிலிருந்து வந்தது. "கிக்கோம்பே கிக்குப்வா கிமேவுஞ்ஜிக்கா." பெரிய கோப்பை உடைந்துவிட்டது. மூன்று சொல்லும் 'கி'யில் தொடங்குவதைக் கவனியுங்கள். கோப்பை கி-வி வகுப்புச் சொல், ஒருமையில் 'கி', பன்மையில் 'வி'. அதனால் 'பெரிய' என்ற அடையும் 'உடைந்துவிட்டது' என்ற வினையும் அதே 'கி'யை முன்னால் சேர்த்துக்கொள்கின்றன. பல கோப்பைகள் உடைந்தால் "விக்கோம்பே விக்குப்வா விமேவுஞ்ஜிக்கா." நம் 'பெரிய' ஒன்றுக்கும் பலவற்றுக்கும் மாறாது; இங்கே அதுவும் மாறியாக வேண்டும்.

வினையைப் பிரித்தால் கி + மே + வுஞ்ஜ் + இக் + ஆ. 'மே' வந்தால் செயல் முடிந்துவிட்டது, விளைவு இன்னும் கண்முன் இருக்கிறது. 'வுஞ்ஜா' என்றால் உடைத்தல். நடுவில் 'இக்' புகுந்ததும் அது உடைதல் ஆகிவிடுகிறது. நாம் உடைத்தது, உடைந்தது என்று காலம் காட்டும் இடத்திலேயே இந்த வேறுபாட்டையும் காட்டிவிடுகிறோம். சுவாஹிலி அதற்குத் தனி உறுப்பு வைத்திருக்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

நேற்றைய 'கி' மனதை விட்டுப் போகவில்லை. புத்தகத்துக்கு 'கித்தாபு' என்கிறார்கள், அரபியிலிருந்து வந்த சொல். அரபியில் அந்தக் 'கி' வேர்ச்சொல்லின் பகுதி. சுவாஹிலி அதைத் தன் முன்னொட்டாகவே எடுத்துக்கொண்டு, பன்மையில் 'வித்தாபு' ஆக்கிவிட்டது. ஆங்கிலேயர் காலத்து 'கீப் லெஃப்ட்' பலகைக்கும் அதுதான் நடந்தது. ரவுண்டானா 'கிப்லெஃப்தி', பல ரவுண்டானாக்கள் 'விப்லெஃப்தி'. நம் மேசையைப் போலவே இவர்களின் 'மேசா'வும் போர்த்துகீசியம், பள்ளிக்கூடமான 'ஷூலே' ஜெர்மன். கடன் வாங்கிய சொல்லையும் தன் இலக்கணத்துக்குள் இப்படி இழுத்துப் போட்டுக்கொள்ளும் தைரியம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஜூன் 28, சனி

தெருவோரத்தில் சோறு விற்கும் பெண்களை இந்த ஊரில் 'மாமா ந்திலியே' என்பார்கள். இந்தப் பெயருக்குள்ளேயே ஒரு முழு வாக்கியம் இருக்கிறது. 'மாமா' அம்மா. 'ந்திலியே' என்பது 'நிதிலியே'யின் சுருக்கம். 'தியா' என்றால் இடுதல், 'திலியா' என்றால் ஒருவருக்காக இடுதல். முன்னால் உள்ள 'நி' எனக்கு, கடைசி 'ஏ' வேண்டுகோள். ஆக, "அம்மா, எனக்குப் போடுங்க."

இந்த 'ஒருவருக்காக' என்னும் உறுப்பைப் பிடித்துவிட்டால் பாதி வினைகள் திறந்துகொள்ளும். 'பிக்கா' சமைத்தல், 'பிக்கியா' ஒருவருக்காகச் சமைத்தல். 'நிலிம்பிக்கியா' என்ற ஒரே சொல்லில் நி (நான்), லி (இறந்த காலம்), ம் (அவருக்கு), பிக் (சமை), இ (அவருக்காக), ஆ (இறுதி உயிர்) எல்லாம் அடக்கம். 'சமைத்தேன்' என்பதில் ஆள் கடைசியில் வருகிறார், இங்கே முதலிலேயே வந்துவிடுகிறார். சொல்லின் முடிவுக்காகக் காத்திருந்து பழகிய தமிழ்க் காதை முதல் அசைக்குத் திருப்புவதுதான் உண்மையான பயிற்சி.

அப்புறம், "வத்தோத்தோ வலிபிக்கிவா ச்சாகுலா" என்றும் சொல்லலாம். குழந்தைகளுக்குச் சாப்பாடு சமைக்கப்பட்டது என்று பொருள். ஆனால் எழுவாய் குழந்தைகள்! வினையின் 'வ' அவர்களைத்தான் சுட்டுகிறது. தமிழில் 'குழந்தைகளுக்கு' என்று நான்காம் வேற்றுமை போடாமல் இதைச் சொல்ல வழியில்லை.

ஜூலை 2, புதன்

பெண்கள் உடுத்தும் கங்காத் துணியில் ஒரு வரி வாசகம் அச்சிட்டிருக்கும். கடைகளில் நின்று அந்த வாசகங்களைப் படித்துக்கொண்டிருந்தபோது, முன்பே தெரிந்த ஒரு பழமொழி நினைவுக்கு வந்தது. "வபிகனப்போ தெம்போ, ஞாசி ஹூமியா." யானைகள் சண்டையிட்டால் புல்தான் நோகும்.

'பிகா' அடித்தல், 'பிகனா' ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளுதல், கடைசி 'ப்போ' நேரத்தைக் காட்டுகிறது. 'தெம்போ' ஒருமையிலும் பன்மையிலும் ஒன்றுதான். பல யானைகள் என்று தெரிவது முன்னால் நிற்கும் 'வ'வால். 'ஹூமியா'வின் 'ஹு'வுக்கு ஆளும் இல்லை, காலமும் இல்லை. எப்போதும் அப்படித்தான் நடக்கும் என்பது மட்டுமே அதன் பொருள். பழமொழிக்கென்றே வார்த்த உறுப்பு போல இருக்கிறது.

அந்த 'வ' மனிதர்களுக்கு வருவது. யானைக்கும் அதே! நீர்யானை இன்னும் தெளிவான சாட்சி. அதன் பெயர் 'கிபோக்கோ', உருவத்தில் கி-வி வகுப்பு. ஆனால் "கிபோக்கோ கிக்குப்வா" என்று சொல்வதில்லை. "கிபோக்கோ ம்குப்வா அமேலாலா", பெரிய நீர்யானை தூங்குகிறது. அடையும் வினையும் மனிதனுக்கு வருவது போலவே வருகின்றன. மரத்துக்கு அந்த உரிமை இல்லை, "ம்த்தி உமேஅங்குக்கா" (மரம் விழுந்துவிட்டது) என்று அதற்கு 'உ'தான். நம் இலக்கணம் விலங்கை அஃறிணையில் வைத்தது. சுவாஹிலி கோட்டை வேறு இடத்தில் கிழித்து, விலங்கையும் மனிதன் பக்கம் சேர்த்துக்கொண்டது.

ஜூலை 7, திங்கள்

சபா சபா, அதாவது ஏழு ஏழு. விடுமுறை. 1954இல் இதே நாளில்தான் தங்கனிகாவில் (இன்றைய தான்சானியாவின் பெருநிலப் பகுதி) நியெரெரே தலைமையில், விடுதலைக்குப் போராடிய தானு கட்சி உருவானது. யுனெஸ்கோ 2021இல் இந்த நாளையே உலகக் கிஸ்வாஹிலி (சுவாஹிலி) மொழி நாளாக அறிவித்தது. பாடநூல்களில் உள்ள தரமொழி சான்சிபார் நகரப் பேச்சை அடிப்படையாகக் கொண்டது. அதற்காக 1930இல் ஒரு குழு அமைந்தது. மொம்பாசாவின் கிம்விதா வழக்குக்கும் நீண்ட கவிதை மரபு உண்டு. அதையும் ஒரு நாள் வாக்கியம் வாக்கியமாகப் படிக்க வேண்டும்.

ஜூலை 9, புதன்

"கித்தாபு நிலிச்சோகிசோமா ஜானா கிமேபோத்தேயா." நேற்று நான் படித்த புத்தகம் தொலைந்துவிட்டது. நி (நான்), லி (இறந்த காலம்), ச்சோ (எதை என்று சுட்டுவது), கி (அதை), சோமா (படி). அந்தச் 'ச்சோ'வும் 'கி'யின் இன்னொரு வடிவம்தான். நடுவில் வரும் 'கி'யை விட்டுவிட்டு 'நிலிச்சோசோமா' என்றாலும் சரி. 'படித்த' என்ற பெயரெச்சத்தில் யார் படித்தார் என்பது இல்லை. இந்தச் சொல்லில் ஆளும் உண்டு, புத்தகமும் உண்டு. பன்மையில் 'வித்தாபு நிலிவ்யோவிசோமா ஜானா விமேபோத்தேயா.' நாளைக்கு இதையே எதிர்மறையாக்கிப் பார்க்க வேண்டும்: 'நிசிச்சோகிசோமா', நான் படிக்காத புத்தகம். அதில் 'லி' காணாமல் போய் 'சி' வந்து உட்கார்ந்திருக்கிறது, காலமே தெரியவில்லை. நம் 'படிக்காத'வும் அப்படித்தான்.