ஞாயிற்றுக்கிழமை முதல் பாடவேளை

இன்று ஞாயிற்றுக்கிழமை. போதாக்குறைக்கு மே மாதம். எதிர்ப் பள்ளிக்கூடத்தில் ஈ காக்கை கிடையாது. சரியாக 9.20க்கு மணி அடித்தது. அடித்ததோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை, "மாணவ மாணவியர் கவனத்திற்கு, முதல் பாடவேளை தொடங்குகிறது" என்று ஒரு குரல் வேறு.

அம்மா உடனே மாத்திரை டப்பாவைத் திறந்துவிட்டார். அவருக்கு முதல் மணி என்றால் பி.பி. மாத்திரை, இண்டர்வெல் மணி என்றால் மோர், லாங்பெல் என்றால் விளக்கேற்ற எண்ணெய் தேடுவது. "அம்மா, ஏழு மணிக்கே போட்டாச்சு" என்று கையைப் பிடித்து நிறுத்தினேன். "மணி அடிச்சிருச்சேடா" என்றார். பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கும் பையன் கட்டிலில் இருந்து விழுந்தடித்து எழுந்தான். ரிசல்ட்டை மணியடித்துச் சொல்ல மாட்டார்கள் என்று எத்தனை தடவை சொன்னாலும் அவன் வயிற்றுக்குப் புரிவதில்லை.

நேற்று ராத்திரி இடியும் மழையுமாகக் கரண்ட் போய்ப் போய் வந்ததில் அந்த எந்திரத்துக்குப் புத்தி பேதலித்திருக்க வேண்டும். லீவு, ஞாயிறு எல்லாம் மறந்து, ஜூன் மாதத் திங்கட்கிழமை என்று நினைத்துக்கொண்டுவிட்டது.

இதில் யாரையும் திட்ட எனக்கு வாயில்லை. அந்த எந்திரத்தை வாங்கிக் கொடுத்ததே நாங்கள்தான், 1996இல் பத்தாவது முடித்த கூட்டம். பள்ளிக்கு என்ன செய்யலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் நான்கு மாதம் விவாதித்தோம். தலைமையாசிரியரைக் கேட்டால், "கழிப்பறைக்கு ரெண்டு கதவு போட்டுக் குடுங்க, போதும்" என்றார் பாவம். கதவில் தன் பெயரை எழுதிப் பார்க்க ஒருத்தனுக்கும் மனம் வரவில்லை. ஆகவே தானியங்கி மணி. கடிகாரம் தெரிவது கொஞ்ச இடம், நன்கொடையாளர் பெயர்கள் மீதி இடம். அதுவரை வேப்பமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டு எத்தனை இடி மழைக்கும் புத்தி பேதலித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை அதை அடிக்க ஆளும் வந்ததில்லை.

ஒன்பதரைக்குள் எங்கள் வீட்டு வாசலில் ஆறு பேர். பள்ளியில் என்ன நடந்தாலும் கூட்டம் இங்கேதான் கூடும், ஏனென்றால் பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவி என் மனைவி. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிக்குப் பெண்கள் இருக்க வேண்டும். தேர்தலன்று நான் போயிருக்க வேண்டியது. சோம்பலில் அவளை அனுப்பினேன். கையெழுத்து போட்டுவிட்டு வருவாள் என்று பார்த்தால் பதவியோடு வந்தாள். அன்றிலிருந்து தெருவில் என் பெயர் "தலைவி வீட்டுக்காரர்". குழாயில் தண்ணீர் வராவிட்டாலும், சத்துணவு முட்டை சின்னதாக இருந்தாலும், பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் எப்போது வரும் என்றாலும் இந்தக் கேட்டைத்தான் ஆட்டுவார்கள். ஆட்டி ஆட்டிக் கொக்கி கழன்றுவிட்டது. அதற்கு எந்தச் சட்டத்திலும் நிதி ஒதுக்கீடு இல்லை.

பள்ளிக்கு எதிரே குடியிருப்பவனுக்குத் தனியாகக் காலண்டர் தேவையில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஜூனில் மாணவர் சேர்க்கை ஊர்வலம் வரும். "அரசுப் பள்ளியில் சேர்ப்பீர்" என்று எங்கள் வீட்டைப் பார்த்தே கத்துவார்கள். கத்துகிறவர்களில் முதல் வரிசையில் நிற்பது என் மகன். ஜூலை 15 காமராசர் பிறந்தநாள், கல்வி வளர்ச்சி நாள். அன்றைய பேச்சை வருஷா வருஷம் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டுக் கேட்டு அம்மாவுக்கே மனப்பாடம், பேச்சாளர் திக்கினால் அடுத்த வரியை எடுத்துக் கொடுப்பார். தமிழ்த்தாய் வாழ்த்தை 55 வினாடிக்குள் பாட வேண்டும் என்று 2021 டிசம்பரில் அரசாணை வந்தது. எங்கள் மைக் "ஹலோ ஹலோ" சொல்லி முடிக்கவே அதைவிட நேரமாகும். மார்ச்சில் பொதுத்தேர்வு வந்தால் கோவில் கமிட்டியிடம் பேசி, பிள்ளைகளுக்குத் தொந்தரவில்லாமல் ஒலிபெருக்கிக் குழாயைத் திருப்பி வைக்கச் சொல்வது தலைவியின் கடமை. திருப்பினார்கள். எங்கள் வீட்டைப் பார்த்து.

சரி, மணிக்கு வருகிறேன். எந்திரம் தலைமையாசிரியர் அறையில். அறைக்குப் பூட்டு. சாவியோடு அவர் சொந்த ஊரில். வாட்ச்மேன் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார், கேட்டு சாவியும் கல்யாணத்தில் இருக்கிறது. தலைவி போன் போட்டதற்குத் தலைமையாசிரியர், "வராண்டாவுல ஃப்யூஸ் கட்டை இருக்கு மேடம், அதைப் பிடுங்கிட்டா நின்னுடும்" என்றார். வராண்டா உள்ளே இருக்கிறது, நாம் வெளியே இருக்கிறோம் என்பதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

அப்போது பி.இ.டி. சார் வந்தார். பனியன், வேட்டி, கழுத்தில் விசில். ரிட்டையர்டு ஆகி இத்தனை வருஷமாகியும் அந்த விசில் மட்டும் இன்னும் ரிட்டையர் ஆகவில்லை. மனுஷனை மூன்று தடவை வழியனுப்பினோம். 2020 மே மாதம் 58 முடிந்து போக வேண்டியவர். அந்த மாதமே ஓய்வு வயதை 59 ஆக்கினார்கள். அடுத்த வருஷம் போக வேண்டும், அதற்குள் 60 ஆக்கினார்கள். முதல் தடவைக்கென்று ஆசிரியர்கள் வாங்கிய சுவர்க்கடிகாரம் இரண்டு வருஷம் ஆபீஸ் பீரோவில் பெட்டியோடு கிடந்து, 2022இல் மேடையில் அவர் கைக்கு வந்தபோது பேட்டரி கசிந்து முள் நின்றிருந்தது. அதை அப்படியே வீட்டில் மாட்டியிருக்கிறார், மணி பார்ப்பது பள்ளி மணியை வைத்துத்தான். சர்வீஸ் முழுக்க இவருடைய பி.இ.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கியே தீர்த்தார். "அந்தப் பீரியடெல்லாம் திருப்பிக் கொடுத்தா இன்னும் அஞ்சு வருஷம் ஓடியிருப்பேன்" என்பார்.

"என்னம்மா தலைவி, இன்னிக்கு ஸ்பெஷல் கிளாஸா?" என்றார். விஷயத்தைச் சொன்னதும், "சுவர் ஏறிக் குதிச்சா ஃப்யூஸ் புடுங்கிடலாம்" என்று அவரே வழி சொன்னார். வாசலில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். "என்னங்க, நீங்களே போயிட்டு வந்துடுங்களேன்" என்றாள் தலைவி. மேலாண்மைக் குழுத் தீர்மானமெல்லாம் இவ்வளவு சீக்கிரம் நிறைவேறி நான் பார்த்ததே இல்லை.

எந்த இடத்தில் ஏறுவது என்று யோசிக்கவே தேவையிருக்கவில்லை. குடிநீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு செங்கல் பெயர்ந்த இடம். பத்தாம் வகுப்பு படிக்கும்போது மத்தியான இண்டர்வெல்லுக்கு மேல் நாங்கள் வெளியேறும் வழி அதுதான். ஒரு தடவை மேலே உட்கார்ந்திருந்தபோது கீழே இதே பி.இ.டி. சார் நின்றிருந்தார். அதற்கப்புறம் ஒரு வாரம் மைதானத்தில் கல் பொறுக்கினேன். அந்தச் செங்கல்லை இன்றுவரை யாரும் பூசவில்லை என்பதைத் தலைவியின் பார்வைக்குப் பணிவுடன் வைக்கிறேன்.

நாற்பத்தைந்து வயது உடம்பு சுவரில் ஏறுவதைத் தெருவே பார்த்தது. மகன் போன் எடுத்துவிட்டான். சார் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, "இடது காலை மொதல்ல வை. டேய், இடது! அன்னைக்கும் வலதுதான் வச்சே, அதான் மாட்டுனே" என்றார். முப்பது வருஷமாக அதை ஞாபகம் வைத்திருக்கிறார். என் பெயர் மட்டும் அவருக்கு எப்போதும் மறந்துவிடும், என் தம்பி பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுவார்.

இடது காலை வைத்தேன். மூச்சு வாங்க ஒரு வழியாக மேலே ஏறி உட்கார்ந்தேன். உள்ளே மைதானம், தண்டவாளம் கழற்றிய வேப்பங்கிளை, கதவில்லாத கழிப்பறை எல்லாம் தெரிந்தன. அந்தப் பக்கம் காலைத் தொங்கப் போடும் நேரத்தில் மணி அடித்தது. "மாணவ மாணவியர் கவனத்திற்கு, இரண்டாம் பாடவேளை தொடங்குகிறது."

கீழே காது கிழிய விசில் சத்தம்.

"எவன்டா அது செவுத்து மேல? எறங்குடா கீழே!"

இறங்கிவிட்டேன். இந்தப் பக்கம்தான்.

"பழக்கதோஷம்ப்பா" என்று விசிலை வேட்டியில் துடைத்துக்கொண்டே போனார். மறுபடி ஏற என் முட்டி சம்மதிக்கவில்லை. இதை எழுதும்போது ஏழாம் பாடவேளை ஓடிக்கொண்டிருக்கிறது. அம்மா இன்று இரண்டு தடவை மோர் குடித்தாயிற்று.