குண்டுமணியின் நிறை

எங்கள் வீட்டு நாயின் பெயர் குண்டுமணி. சிவாவா இனம், ஒன்பது வயது. கனடாவின் ஸ்காபரோக் குளிரில் என் ஜாக்கெட்டுக்குள் முழுதாக அடங்கிவிடுவாள். பெப்ரவரியில் இரண்டு பல் பிடுங்கியதிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. "கிழமைக்கு ஒருதரம் வீட்டில் நிறுத்து எழுதி வையுங்கள்" என்றார் மிருக வைத்தியர். நாய் நிறுப்பதென்ன பெரிய வேலையா என்று நினைத்தேன்.

முதலில் குளியலறைத் தராசு. நான் தனியே ஏறினேன், 162.4 பவுண்டு. அவளைத் தூக்கிக்கொண்டு ஏறினேன், 168.0. கழித்தால் 5.6. நிச்சயப்படுத்த இன்னும் மூன்று தரம் ஏறினேன், மூன்று தரமும் அதே 168.0. என்ன துல்லியம் என்று வியந்துகொண்டிருக்க, மகள் ஒரு ஆப்பிளை என் சட்டைப்பைக்குள் போட்டாள். "இப்ப ஏறுங்கோ அப்பா." அப்போதும் 168.0! சில டிஜிட்டல் தராசுகள் இப்படித்தான். புது நிறை பழையதற்குக் கிட்ட இருந்தால் நினைவில் உள்ள எண்ணையே திரும்பக் காட்டிவிடும். அதை விட்டாலும், என் தராசு 0.2 பவுண்டுப் படியாகத்தான் ஏறி இறங்கும். 0.2 பவுண்டு என்றால் மூன்று அவுன்ஸுக்கும் மேல். எனக்கு அது ஒரு வாய்த் தண்ணீர் கூடக் குறைய, அவளுக்கு அது ஒரு நேரச் சாப்பாடு.

அப்புறம் குசினித் தராசுக்கு மாறினேன். மாவு நிறுக்க வாங்கியது, ஐந்து கிலோ வரை தாங்கும். அதன்மேல் பேசினை வைத்தால் எண் தெரியாமல் மறைந்துவிடுகிறது, அதனால் இடையில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து உயர்த்திக்கொண்டேன். பேசினுக்குள் அவள் படுக்கும் பழைய துவாய். பிறகு பூச்சியமாக்கும் பொத்தான், கடைசியாக நாய். அவள் நடுங்குவாள், எண்ணும் கூடவே ஆடும். தலையைத் துவாயால் மூடிவிட்டால் நாலைந்து நொடி அசையமாட்டாள், அதற்குள் பார்த்துவிட வேண்டும். மூன்று தரம் நிறுத்து நடு எண்ணை எழுதினேன். காலையில் வெளியே போய்விட்டு வந்ததும், சாப்பாட்டுக்கு முன்னால், கழுத்துப்பட்டி இல்லாமல். தராசு சரியா என்று பார்க்க, பிரிக்காத இரண்டு கிலோ சீனிப் பையை வைத்துப் பார்த்தேன். பையின் தாளும் சேர்த்து நாலு பவுண்டு ஏழு அவுன்ஸ் காட்டியது, கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 2,012 கிராம். போதும்.

நாலு சனிக்கிழமை நிறுத்தேன். கொப்பியில் 5.8, 5.9, 5.10, 5.11 என்று எழுதினேன். கிழமைக்கு ஒரு அவுன்ஸ் கூடுகிறாள், எனக்குச் சந்தோஷம். மகள் இதைக் கணினியில் ஏற்றி வரைபடம் போட்டாள். கோடு 5.9 வரை ஏறி, திடீரென்று 5.1க்கு விழுந்து, அங்கேயே கிடந்தது. 360 கிராம் குறைவு, அதுவும் ஒரே கிழமையில்! கொப்பியில் நானே எழுதிய எண்ணை நானே நம்பவில்லை பாருங்கள். நாயைத் தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் ஓடினேன்.

அங்கே நிறுத்தார்கள்: 2.58 கிலோ. வைத்தியர் என் கொப்பியைப் பார்த்து, "இந்தப் புள்ளி என்ன புள்ளி?" என்று கேட்டார்.

அவ்வளவுதான் விஷயம். ஒரு பவுண்டுக்கு 16 அவுன்ஸ். நான் பவுண்டுக்கும் அவுன்ஸுக்கும் நடுவே வேலிபோல ஒரு புள்ளியைப் போட்டேன், கணினி அதைத் தசமப் புள்ளியாக எடுத்துக்கொண்டது. ஐந்து பவுண்டு எட்டு அவுன்ஸ் என்பது 5.8 அல்ல, 5.5. ஐந்து பவுண்டு பதினொரு அவுன்ஸ் 5.69. அவுன்ஸைப் பதினாறால் வகுக்க வேண்டும். ஒரு அவுன்ஸ் 28.35 கிராம், மொத்தம் 91 அவுன்ஸ், பெருக்கினால் 2,580 கிராம். என் குசினித் தராசும் அவர்களின் தராசும் அச்சொட்டாக ஒத்துப்போயிருந்தன, பிழை என் பேனாவில். மருந்தின் அளவைக் கிலோவுக்கு இவ்வளவு என்றுதான் கணக்கிடுவார்கள், இனிக் கிராமிலேயே எழுதுங்கள் என்றார் வைத்தியர். தராசைக் கவிழ்த்துப் பார்த்தால், அலகு மாற்றும் பொத்தான் இத்தனை நாளும் அடியில் இருந்திருக்கிறது.

அன்றிரவு யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா எடுத்தார். நாயின் நிறை 2,580 கிராம் என்று பெருமையாகச் சொன்னேன்.

"அது எத்தனை றாத்தல்?"

ஊரில் பவுண்டுக்கு அதுதான் பெயர். ஒரு றாத்தல் பாண் என்றால் 450 கிராம், கடையில் இன்றைக்கும் அப்படித்தான் கேட்பார்கள். கொஞ்சம் யோசித்து, "ஐந்தே முக்கால் றாத்தலுக்குக் கொஞ்சம் குறைய" என்றேன்.

"ஆறு பாணும் இல்லையே! அந்தப் பிள்ளைக்குச் சாப்பாடு போடுறியோ இல்லையோ?"