மதினிக்கு ரெண்டு முழம்

ஜனவரி 20, 2025, திங்கள்

விடியற்காலை நாலு மணிக்குப் போன். பெரிய அத்தை தூக்கத்திலேயே போய்விட்டார். ஊருக்குப் போகிற வழியில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் வண்டியை நிறுத்தினோம். "கல்யாணத்துக்கா, காரியத்துக்கா?" கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி அதுதான். அதே ரோஜா, அதே சம்பங்கிதான் இரண்டுக்கும். காரியம் என்றதும் செண்டுமல்லியும் கோழிக்கொண்டையும் கலந்து கட்டிய மாலை ஒன்றை எடுத்து நீட்டினார். விலை குறைவு, பார்வைக்குப் பெரிது, சாயங்காலம் வரை தாங்கினால் போதும். அப்பா பேரம் பேசவில்லை. சாவுக்கு வாங்குவதில் பேரம் பேசக்கூடாதாம்.

அம்மா தனியாகப் போய் மல்லிகை ரெண்டு முழம் வாங்கி, வாழையிலையில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். தைப் பனியில் மல்லி வரத்து குறைவு, முழம் 100 ரூபாய். யாருக்கென்று நான் கேட்கவில்லை.

நீர்மாலை எடுத்துவந்து குளிப்பாட்டி, கோடி உடுத்திய பிறகுதான் அந்த இலை பிரிந்தது.

"அறுத்தவளுக்கு எதுக்குடி தலையில பூவு? அதான் மாலை போட்டாச்சுல்ல" என்றார் கீழவீட்டு ஆத்தா.

"மதினி கழுத்துக்கு ஆகும், தலைக்கு ஆகாதா ஆத்தா?"

யாரும் பேசவில்லை. அத்தை மகள்தான் பூவை வாங்கி, தன் கொண்டை ஊசியைக் கழற்றி, கொண்டைக்கு அடியில் சொருகினாள். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. வாசனை மட்டும் வந்தது. 34 வருஷம்.

ஜனவரி 21

பால் தெளிக்கப் போனோம். நேற்று ஊர்வலத்தில் மாலையிலிருந்து பிய்த்து வீசிய பூக்கள் தெருவெல்லாம் கிடக்கின்றன. மிதிக்கக்கூடாது என்று சின்ன வயதில் தாண்டித் தாண்டிப் போவோம். இன்று ஆடு ஒன்று செண்டுமல்லியாகப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தது.

ஜனவரி 24

புறநானூற்றில் 242ஆம் பாட்டு ஞாபகம் வந்தது. ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்தபின், இளைஞர் பூச் சூடவில்லை, வளையணிந்த பெண்கள் பறிக்கவில்லை, பாணனும் பாடினியும்கூடச் சூடவில்லை. இப்படிப்பட்ட ஊரில் நீயும் பூத்தாயோ என்று முல்லையைக் கேட்கிறார் குடவாயிற் கீரத்தனார். ஊரே சேர்ந்து பூவை ஒதுக்குகிறது. கல் படுக்கையில் பாயில்லாமல் கிடக்கும் கைம்பெண்களும் அதே நூலில், நாலு பாட்டு தள்ளி, 246இல் இருக்கிறார்கள். சரி, பழைய காலம் என்று முழுசாகப் பெருமைப்படவும் முடியவில்லை. ஆனால் சாத்தனுக்காக நிறுத்தினார்களே, ஆணும் பெண்ணுமாக, அது எனக்குப் பிடித்திருக்கிறது. நம் வீட்டில் மாமா போனதற்கு அத்தை ஒருத்திதான் நிறுத்தினார். அப்பா அடுத்த மாசமே ஒரு கல்யாணத்தில் மாலை வாங்கிக்கொண்டார், போட்டோ இருக்கிறது.

ஜனவரி 30

பதினாறாம் நாளுக்குப் படம் வேண்டும். ஆதார் படத்தைப் பெரிதாக்கலாம் என்றார் அப்பா. அத்தை மகள் கேட்கவில்லை. 1989இல் எடுத்த குடும்ப போட்டோ ஒன்றைக் கொண்டுவந்தாள். அதில் அத்தை ஓரமாக நிற்கிறார், தோளில் வழிகிற அளவுக்குக் கனகாம்பரம்.

ஸ்டுடியோக்காரர் பார்த்துவிட்டு, "வயசு ரொம்பக் கம்மியா தெரியுமேம்மா, பரவாயில்லையா?" என்றார்.

"பூ வெட்டுப்படாம எடுங்கண்ணே" என்றாள்.