ஆறாம் வகுப்புக்கு எந்தப் பாடம், எந்த நிலை? டெக்சஸில் நாங்கள் கடந்து வந்த வழி

நாங்கள் இருப்பது டாலஸை ஒட்டிய ஒரு புறநகர். இங்கே மிடில் ஸ்கூல் என்றால் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகள். பிள்ளை ஐந்தாம் வகுப்பில் இருக்கும்போதே, குளிர்கால விடுமுறை முடிந்த கொஞ்ச நாளில், அடுத்த வருடத்துக்கான பாடத்தேர்வுப் படிவம் வந்துவிடும். நம் ஊரில் பத்தாவது முடிக்கும்வரை எல்லாருக்கும் ஒரே பாடம்தான். 'ஃபர்ஸ்ட் குரூப்பா, காமர்ஸா' என்ற பேச்சே அதற்குப் பிறகுதான். அப்படி வளர்ந்தவர்களுக்கு, பதினொரு வயதுப் பிள்ளைக்கு 'அட்வான்ஸ்டா, ஆன்-லெவலா', அதாவது கூடுதல் நிலையா, வழக்கமான நிலையா என்று டிக் அடிக்கச் சொன்னால் பதற்றம் வரத்தான் செய்யும். என் மகளுக்கு இதைச் செய்து முடித்த பிறகு, கோயம்புத்தூரிலிருந்து எதிர் வீட்டுக்குக் குடிவந்த குடும்பத்துக்கும் கூடவே உட்கார்ந்து உதவினேன். இரண்டு வீட்டு அனுபவத்தையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் படிவத்தைப் புரிந்துகொள்வோம். ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் நான்கும் கட்டாயம். ஒவ்வொன்றையும் ஆன்-லெவலிலோ அட்வான்ஸ்டிலோ எடுக்கலாம். முன்பு டெக்சஸில் பல இடங்களில் அட்வான்ஸ்டையே 'ப்ரீ-ஏபி' என்றார்கள். இப்போது சில பள்ளி மாவட்டங்களில் (ஒரு பகுதியின் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) 'ஹானர்ஸ்' என்கிறார்கள். உடற்கல்வியும் உண்டு. மிடில் ஸ்கூலின் மூன்று வருடங்களில் நான்கு செமஸ்டர் உடற்கல்வி வேண்டும், ஒரு கலைப் பாடமாவது முடித்திருக்க வேண்டும் என்பது மாநில விதி. இதெல்லாம் போக, பிள்ளை தன் விருப்பத்துக்கு எடுக்க மிஞ்சுவது ஒன்றோ இரண்டோ பீரியட்தான்.

பள்ளியில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் எல்லாவற்றையும் வேகமாகச் சொல்லிக்கொண்டே போனார்கள். வெளியே வந்த எல்லோர் வாயிலும் ஒரே கேள்வி: கணக்கு. எதிர் வீட்டுத் தங்கை என்னிடம் கேட்டதும் அதுதான். "அக்கா, ஆறாவதுல அட்வான்ஸ்டு மேத் கிடைக்கலைன்னா, பின்னாடி இன்ஜினியரிங்கே கிடைக்காதாமே, நெசமாக்கா?"

நிஜம் இல்லை. ஆனால் அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குப் புரிந்தது. அட்வான்ஸ்டு வழியில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புக் கணக்கை இரண்டே வருடத்தில் நெருக்கி முடித்துவிட்டு, எட்டாவதில் ஆல்ஜீப்ரா 1 எடுப்பார்கள். அது உயர்நிலைப் பள்ளிப் பாடம். எட்டாவதில் எடுத்தாலும் கிரெடிட் உண்டு, அதாவது உயர்நிலைப் பள்ளியில் முடித்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் ஒன்பதில் ஜியோமெட்ரி, பத்தில் ஆல்ஜீப்ரா 2, பதினொன்றில் ப்ரீ-கால்குலஸ், பன்னிரண்டில் கால்குலஸ். ஆன்-லெவல் வழியில் ஆல்ஜீப்ரா 1 ஒன்பதாவதில்தான் வரும் என்பதால், கணக்குப் போட்டால் பன்னிரண்டில் ப்ரீ-கால்குலஸோடு நிற்கும். இந்தக் கணக்கைத்தான் எல்லோரும் போடுகிறார்கள். நடுவில் மாறிக்கொள்ளும் வழிகளை யாரும் சொல்வதில்லை. உயர்நிலைப் பள்ளியில் ஜியோமெட்ரியையும் ஆல்ஜீப்ரா 2-ஐயும் ஒரே வருடத்தில் சேர்த்து எடுக்கிற பிள்ளைகள் உண்டு. கோடையில் ஒரு பாடத்தை முடிப்பவர்களும் உண்டு. பாடத்தேர்வுக்கு வழிகாட்டும் பள்ளிக் கவுன்சலரிடம் "இப்போது சேராவிட்டால் எப்போது சேரலாம்?" என்று நேராகக் கேட்டால் அவரே விளக்குவார். எங்களுக்கு விளக்கினார்.

என் மகளுக்கு முதலில் ஆன்-லெவல் கணக்குதான் பரிந்துரைத்தார்கள். பள்ளியில் வருடத்துக்குச் சில முறை வைக்கும் மேப் தேர்வில் அவள் மதிப்பெண் நடுவாந்திரம். சரி என்று கையெழுத்துப் போட்டோம். அப்புறம் கோடையில் ஒரு கடிதம் வந்தது: ஐந்தாம் வகுப்பு ஸ்டார் (மாநிலம் நடத்தும் தேர்வு) கணக்குத் தேர்வில் முதல் 40 சதவீதத்துக்குள் வந்திருப்பதால், அவளை அட்வான்ஸ்டில் சேர்த்திருக்கிறோம் என்று. 2023-ல் டெக்சஸ் சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டம் இது. ஐந்தாம் வகுப்பில் முதல் 40 சதவீதத்தில் உள்ள பிள்ளையை ஆறாம் வகுப்பு அட்வான்ஸ்டு கணக்கில் பள்ளி தானாகவே சேர்க்க வேண்டும்; வேண்டாம் என்றால் பெற்றோர் எழுதிக் கொடுத்து விலகலாம். தகுதியுள்ள பிள்ளைகள் பலர், கேட்கத் தெரிந்த பெற்றோர் இல்லாததாலேயே கீழ் நிலையில் தங்கிவிடக் கூடாது என்பதுதான் நோக்கம். இந்தச் சட்டம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆங்கிலத்தில் பேசத் தயங்கும் ஒரு அம்மாவின் பிள்ளைக்கும் இது கதவைத் திறக்கிறது.

ஸ்டார் முடிவுத்தாளைப் படிப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. அதில் நான்கு நிலைகள்: டிட் நாட் மீட், அப்ரோச்சஸ், மீட்ஸ், மாஸ்டர்ஸ். 'அப்ரோச்சஸ்' வந்தாலே பாஸ்தான். ஆனால் அந்த வகுப்புக்குரிய பாடம் கைவந்துவிட்டது என்று சொல்ல 'மீட்ஸ்' வேண்டும். பாஸ் என்றவுடன் தாளை மடித்து வைத்துவிடாமல், எந்தப் பகுதியில் பிள்ளை சறுக்கியிருக்கிறது என்று பாருங்கள்.

மகளிடமே கேட்டோம். முயற்சி செய்கிறேன் என்றாள். முதல் சில வாரங்கள் கஷ்டப்பட்டாள். மதிப்பெண் எழுபதுகளில் நின்றது. பள்ளி தொடங்குமுன் காலையில் ஆசிரியர்கள் நடத்தும் ட்யூட்டோரியலுக்குப் போகச் சொன்னோம். விகிதம், பின்னம், எதிர்மறை எண்கள் மூன்றையும் அந்த ஆசிரியை பொறுமையாகத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார். நவம்பர் வாக்கில் நிமிர்ந்துவிட்டாள்.

நம்மவர்களிடம் இன்னொரு பேச்சும் உண்டு: கோடையில் கிரெடிட் பை எக்ஸாம் எழுதி, ஒரு வருடக் கணக்கையே தாண்டிவிடலாம் என்பது. வகுப்பில் படிக்காத பாடத்தில் தேர்வு எழுதி 80 சதவீதம் எடுத்தால் அடுத்ததற்குப் போகலாம். விதி அனுமதிக்கிறது, தப்பில்லை. ஆனால் ஆறாவது, ஏழாவதில் வரும் விகித சமம்தான் ஆல்ஜீப்ராவுக்கு அஸ்திவாரம். இரண்டு மாதக் கோச்சிங்கில் அதை ஓட்டிவிட்டு, எட்டாவதில் சூத்திரத்தை மட்டும் போட்டுப் பார்க்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். சமன்பாட்டைத் தீர்த்துவிடுவார்கள், ஒரு சட்டையின் விலை 20 சதவீதம் கூடி, பிறகு 20 சதவீதம் குறைந்தால் பழைய விலையே வருமா என்று கேட்டால் நின்றுவிடுவார்கள். பிள்ளை தானாகவே ஆசைப்பட்டுக் கேட்டால் ஒழிய நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

எதிர் வீட்டுப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் ஒன்பது வயதில் இங்கே வந்தவன். ஆங்கிலத்துக்கு ஈஎஸ்எல் உதவி (ஆங்கிலம் தாய்மொழி அல்லாத பிள்ளைகளுக்கான மொழிப் பயிற்சி) பெறுகிறவன். அதனால் அட்வான்ஸ்டு கிடைக்காது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அப்படி விதி எதுவும் இல்லை. ஈஎஸ்எல் உதவியும் அட்வான்ஸ்டு கணக்கும் ஒன்றாகவே நடக்கும். அவன் அப்பாவுக்கோ நான்கு பாடமும் அட்வான்ஸ்டு வேண்டும். நான் சொன்னது: கணக்கும் அறிவியலும் எடுக்கட்டும், ஆங்கிலம் ஒரு வருடம் ஆன்-லெவலில் இருக்கட்டும், வாசிப்பு ஊன்றட்டும், ஏழாவதில் மாற்றிக்கொள்ளலாம். கவுன்சலரும் அதையே சொன்னார். அந்தச் சந்திப்புக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டிருந்தோம். தொலைபேசி வழியாக ஒருவர் தமிழில் பேசினார். கேட்பது நம் உரிமை, கூச்சப்படாதீர்கள்.

கணக்கைப் பற்றி இவ்வளவு பேசும் நாம், விருப்பப் பாடத்தைக் கடைசி நிமிடத்தில் நிரப்புகிறோம். என்னைக் கேட்டால் முதலில் உட்கார்ந்து பேச வேண்டியது அதைத்தான். கணக்கில் பின்னால் மாறிக்கொள்ள வழி இருக்கிறது. பேண்ட் (ஊதும் கருவிகள், தாளக் கருவிகள்), ஆர்க்கெஸ்ட்ரா (வயலின் போன்ற தந்திக் கருவிகள்) என்ற இசை வகுப்புகளில் அது மிகவும் கடினம். தொடக்க வகுப்பு ஆறாவதில்தான். ஏழாவதில் சேர நினைத்தால், மற்றவர்கள் ஒரு வருடம் வாசித்துப் பழகியிருப்பார்கள். பல பள்ளிகளில் சேர்ப்பதே இல்லை. வசந்த காலத்தில் ஒரு நாள் பிள்ளைகளை வரவழைத்து, க்ளாரினெட், ட்ரம்பெட், ஃப்ளூட் என்று ஒவ்வொன்றாக ஊதிப் பார்க்கச் சொல்வார்கள். உதடு, பல்வரிசை எல்லாம் பார்த்து ஆசிரியர் ஒரு கருவியைச் சொல்வார். சின்னக் கருவிகளை மாத வாடகைக்கு எடுக்கலாம். ட்யூபா போன்ற பெரியவற்றைப் பெரும்பாலும் பள்ளியே தரும். அந்தப் பையன் ட்ராம்போன் எடுத்தான். புதுப் பள்ளியில் அவனுக்குக் கிடைத்த முதல் நண்பர்கள் அந்த வகுப்புப் பிள்ளைகள்தான்.

இப்போது படிவம் கையில் இருப்பவர்கள் கவுன்சலரிடம் இவற்றைக் கேளுங்கள். இந்த நிலையை எதை வைத்து முடிவு செய்தீர்கள்? ஆகஸ்டில் வகுப்பு தொடங்கிய பிறகு கஷ்டமாக இருந்தால் எந்தத் தேதிவரை மாற்றலாம்? மாற்றினால் விருப்பப் பாடத்தின் பீரியட் பறிபோகுமா? எட்டாவதில் எடுக்கும் ஆல்ஜீப்ரா 1 மதிப்பெண் உயர்நிலைப் பள்ளி ஜிபிஏவில் (எல்லாப் பாடங்களின் சராசரி மதிப்பில்) சேருமா? கடைசிக் கேள்விக்குப் பதில் பள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். பக்கத்து ஊர் நண்பர் சொன்னதை நம்பி முடிவெடுக்காமல், உங்கள் மாவட்டத்தின் பதிலை மின்னஞ்சலில் எழுத்தாகவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.