சங்குப்பூச் சாற்றில் ரப்பர் பால் வரை

அமிலமா காரமா என்று பார்க்க எல்லோரும் சொல்வது சிவப்பு முட்டைக்கோஸ் சாறு. மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் அதற்காகக் கடைக்குப் போக வேண்டியதில்லை, வேலியெல்லாம் சங்குப்பூதான். நாசி கெராபு என்ற மலாய்ச் சோற்றுக்கு நீலம் ஏற்றுகிற அதே பூ. ஒரு கைப்பிடி பூவை அரை கிளாஸ் கொதிநீரில் ஊறவைத்து வடித்தால் கருநீலச் சாறு கிடைக்கும். முட்டைக்கோஸ் வாடை கிடையாது, நிறமும் சீக்கிரம் வெளுக்காது. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

வெள்ளைக் கிண்ணங்களில் சாற்றை ஊற்றி, சமையலறையிலிருந்து தொடங்கினேன். லிமாவ் கஸ்தூரி என்ற சின்ன எலுமிச்சை பிழிந்ததும் ஊதா கலந்த இளஞ்சிவப்பு. வினிகரும் அப்படியே. நிறமில்லாத சோடா பானமும் ஊதாவுக்குப் போனது. நாக்குக்கு அது வெறும் இனிப்பு. சர்க்கரை அமிலத்தை மறைத்துவிடுகிறது, பூவிடம் அது எடுபடவில்லை. ஆப்ப சோடாவில் நீலம் லேசாகப் பச்சை பக்கம் சாய்ந்தது. வெற்றிலைச் சுண்ணாம்பின் தெளிநீரிலோ நல்ல பச்சை, கொஞ்ச நேரத்தில் மஞ்சளே ஆகிவிட்டது. அமிலம், காரம் எவ்வளவு என்று காட்டும் பிஎச் அளவில் ஆப்ப சோடாக் கரைசல் 8 சொச்சம், சுண்ணாம்புத் தெளிநீர் 12க்கு மேல். 1909இல் டென்மார்க் வேதியியலாளர் சோரன்சன் இந்த அளவை வகுத்தபோது ஒரு படிக்குப் பத்து மடங்கு என்று வைத்தார். அப்படியானால் இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட பத்தாயிரம் மடங்கு! சுண்ணாம்பு அதிகமானால் வாய் வெந்துபோவதில் ஆச்சரியமில்லை.

துணி வெளுக்கும் திரவத்தில் நிறம் மறைந்தே போனது. அது நிறப்பொருளையே சிதைத்துவிடுவதால் அதை அளவாக எடுத்துக்கொள்ள முடியாது. அதோடு வினிகரையோ அம்மோனியாவையோ தயவுசெய்து சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும்.

மஞ்சளையும் பார்த்தேன். எலுமிச்சையில் அது மஞ்சளாகவே இருக்கும், காரத்தில்தான் சிவக்கும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்த ஆரத்தித் தண்ணீர் சிவப்பது இதனால்தான். சட்டையில் பட்ட குழம்புக் கறை சவர்க்காரம் போட்டதும் சிவந்து, அலசியதும் திரும்ப மஞ்சளாவதும் இதே வேலைதான்.

அப்புறம் எனக்கு உண்மையிலேயே பார்க்க ஆசையாக இருந்த விஷயம், ரப்பர் பால். இங்கே ரப்பர் இருந்த இடத்தில் பெரும்பாலும் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்துவிட்டது. அத்தை மட்டும் தன் சின்ன நிலத்தில் இன்னும் ரப்பர் மரம் சீவிப் பால் எடுக்கிறார். "பாலை வச்சு என்னடா பண்ணப் போற?" என்று கேட்டுக்கொண்டே ஒரு போத்தலில் ஊற்றிக் கொடுத்தார்.

பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து சங்குப்பூச் சாற்றை விட்டேன். புதுப்பால் இளநீலமாக நின்றது. அது ஏறக்குறைய நடுநிலை. அம்மோனியா சேர்த்து வைத்திருந்த பால் பச்சை கலந்த நீலம். பால் கட்டாமல் இருக்கத்தான் அம்மோனியா ஊற்றுகிறார்கள். ரப்பர் துகள்களைச் சுற்றியுள்ள புரதப் படலத்துக்கு எதிர்மின்னூட்டம் உண்டு, அதனால் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதக்கின்றன. அமிலம் சேர்ந்தால் அந்த மின்னூட்டம் தணியும், துகள்கள் ஒட்டிக்கொள்ளும். பாலைக் கட்டியாக்கும் ஸ்டோரில் ஃபார்மிக் அமிலம் ஊற்றுவது அதற்குத்தான். அது தோலைப் புண்ணாக்கும் என்பதால் நான் வினிகரோடு நிறுத்திக்கொண்டேன்.

புதுப்பாலில் வினிகரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினால் முதலில் சின்னச் சின்னத் திரள், பிறகு மொத்தமும் ஒரே கட்டி. நிறத்தைக் கட்டியில் தேடக் கூடாது, பிரிந்து நிற்கும் நீரில் பார்க்க வேண்டும். நல்ல ஊதா.

எதுவுமே ஊற்றாமல் வைத்த கிண்ணமும் மறுநாள் தானாகக் கட்டிவிட்டது. அதன் நீரிலும் நீலத்தில் ஊதா ஏறியிருந்தது. பாலில் உள்ள சர்க்கரையைத் தின்று பாக்டீரியாக்கள் அமிலம் உண்டாக்குகின்றன. மங்கில் (மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணத்தில்) விட்ட பால் தானாகக் கட்டிப்போவதன் காரணத்தை முதல்முறையாக நிறமாகக் கண்ணால் பார்த்தேன். அத்தையிடம் காட்டினேன். நாற்றத்துக்கும் இதுதான் காரணமா என்று கேட்டார். ஆமாம், அந்த அமிலங்களுக்கும் அதில் பங்கு உண்டு.

அடுத்து, பால் எந்த நிறத்தில் திரளத் தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். வினிகரைத் தண்ணீரில் நன்றாகக் கலந்து, இன்னும் மெதுவாக விட்டுப் பார்க்கப் போகிறேன்.