வெண்கல மனிதன்

அக்குபங்சர், அதாவது உடலில் ஊசி குத்திச் செய்யும் சீன வைத்தியம் என்றாலே எல்லோரும் "வலிக்குமா?" என்றுதான் கேட்கிறார்கள். எனக்கு அந்த வெண்கல மனிதன்தான் நினைவுக்கு வருகிறான். 1027, சீனாவில் சோங் வம்ச ஆட்சி. வாங் வெய்யி என்ற அரண்மனை வைத்தியர் ஆள் உயரத்துக்கு இரண்டு வெண்கல உருவங்களைச் செய்யவைத்தார். ஊசி குத்தும் புள்ளிகளில் எல்லாம் துளை, பக்கத்திலேயே பெயர். தேர்வு என்றால் மேலே மெழுகு பூசித் துளைகளை மறைத்துவிடுவார்களாம், உள்ளே தண்ணீர். மாணவர் சரியான இடத்தில் குத்தினால் நீர் கசியும், தப்பினால் ஊசியே இறங்காது.

நோயாளியைத் தொடும் முன்பே இப்படியொரு சோதனை! சிகிச்சையின் பலன் பற்றி இன்றும் வாதம் நடக்கிறது, சரி. ஆனால் கற்றுக்கொடுப்பதில் இருந்த அந்தக் கண்டிப்பை நினைத்தால் மரியாதை கூடுகிறது. மூல உருவங்கள் இன்று இல்லை என்பதுதான் வருத்தம்.